விராலுக்குப் போகுமுன்: மாசி முதல் சித்திரை வரை குளத்துத் தூண்டிலுக்கான முழுமையான வழிகாட்டி

விராலைக் கடிக்க வைப்பது பெரிய வித்தை இல்லை. கடித்த விராலைத் தாமரைக் கொடிக்குள்ளிருந்து வெளியே எடுப்பதுதான் வேலை. லூரை (செயற்கை இரையை) கவ்வியதும் அது தலையைக் கீழே போட்டுத் தண்டுக்குள் நுழையப் பார்க்கும். மூன்று நான்கு விநாடிக்குள் அதன் தலை மேலே திரும்பாவிட்டால் மீனும் இல்லை, பல நேரம் லூரும் இல்லை. அந்த மூன்று நான்கு விநாடிக்காகத்தான் நூலும் முடிச்சும் கொக்கியும் டிராக்கும் (மீன் இழுக்கும்போது நூலை அளவாக வழுக்கவிடும் ரீலின் பிடி) வீட்டிலேயே சரிபார்க்கப்பட வேண்டும். குளக்கரையில் நின்று திருத்திக்கொள்ளலாம் என்று நினைத்தால் முதல் நல்ல மீன் போய்விடும்.

எப்போது, எங்கே

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வாடை மழை. அப்போது குளங்கள் நிரம்பி வான் பாயும், நீர் கலங்கிக் கிடக்கும், கரைப் புல்லெல்லாம் மூழ்கி மீன் எங்கும் பரவிவிடும். மாசி பிறந்ததும் நீர் தெளியத் தொடங்கும். பெரும்போக அறுவடை முடிந்து, சிறுபோகத்துக்குத் துருசு (குளத்து மதகு) முழுவதுமாகத் திறக்கும் வரை நீர்மட்டம் ஓரளவு நிலையாக நிற்கும். ஆழம் குறைந்த புல்விளிம்பும் தாமரை ஓரமும் வெயிலில் சூடாகி, தவளை, குஞ்சு மீன், தும்பி எல்லாம் அங்கே கூடும். விராலும் அங்கேதான் வரும். வைகாசிக்குப் பிறகு கச்சான் (தென்மேற்கு) காற்று எழும்பிவிட்டால் மெல்லிய லூரை எறிவதே பாடாகிவிடும். அதனால் மாசி, பங்குனி, சித்திரை மூன்றும்தான் நல்ல மாதங்கள். அதிலும் பங்குனிக்கே எங்கள் ஓட்டு.

துருசு திறந்து நீர் வேகமாக இறங்கும் வாரத்தில் போகாதீர்கள். விளிம்பு வற்ற வற்ற மீன் நாளுக்கு நாள் இடம் மாறும். நேற்று ஒருவர் பிடித்த இடம் இன்று சேறாக இருக்கும். எப்போது திறப்பார்கள் என்பதை அறிய வயல்களுக்கு நீர் விடுவதைப் பார்க்கும் வட்டை விதானையாரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும். இணையத்தில் தேடுவதைவிட அது நம்பகமானது.

மட்டக்களப்பு நகரிலிருந்து போகிறவர்களுக்கு வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை வழியாக உன்னிச்சைக் குளம் வசதி. செங்கலடி–பதுளை வீதியில் உறுகாமம், தெற்கே வெல்லாவெளிப் பக்கம் நவகிரி, வடக்கே வாகனேரி. அம்பாறை மாவட்டத்தில் இறக்காமம், சாகாமம் இரண்டும் கரையோர ஊர்களில் இருந்து போய் வரக்கூடியவை. பெரிய குளத்தைவிட அதன் கீழுள்ள சிறு குளங்களும், வாய்க்கால் விரிந்து தேங்கும் வில்லுகளும் புதிதாகப் பழகுகிறவருக்கு நல்லது. எங்கே எறிவது என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

சேனாநாயக்க சமுத்திரம் வேறு கதை. அது கல்லோயா தேசிய பூங்காவோடு சேர்ந்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் அங்கே தூண்டிலோடு போகாதீர்கள். மற்றக் குளங்களிலும் நன்னீர் மீனவர் சங்கங்கள் குஞ்சு விட்டு, வலை போட்டுப் பிழைக்கின்றன. சங்கத் தலைவரைக் கண்டு, தூண்டில் ரொட்டில் ஒன்றிரண்டு விரால் பிடிக்க வந்திருக்கிறோம் என்று சொல்லி அனுமதி கேளுங்கள். வலை கட்டியிருக்கும் பக்கத்தையும் அவரே காட்டுவார். கேட்காமல் இறங்கி அவர்களது வலையில் லூரைக் கொழுவிக்கொண்டால் வரும் வாக்குவாதத்துக்கு நியாயம் உங்கள் பக்கம் இருக்காது.

ஒரு வாரத்துக்கு முன்: ரொட், ரீல், நூல்

ரொட் ஆறரை அடி முதல் ஏழு அடி வரை, மீடியம் ஹெவி வகை. அடிப்பகுதி விறைப்பாக இருக்க வேண்டும். கடலோரத்தில் பாரை எறியும் பத்தடி ரொட்டைக் குளத்துக்குக் கொண்டுவராதீர்கள். பற்றைக்குள் நின்று எறிய முடியாது.

ரீல் (நூல் சுற்றும் கருவி) 3000 அல்லது 4000 அளவு ஸ்பினிங். கைப்பிடியைச் சுழற்றி, ரொட்டரை (நூலைச் சுற்றிவிடும் பாகத்தை) முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். கரகரவென்றால் உள்ளே மணல் அல்லது உப்பு. களப்பில் பயன்படுத்திய ரீல் என்றால் நூல் ஓடும் உருளையைக் கட்டாயம் கழற்றி, துடைத்து, ஒரு துளி எண்ணெய் விடுங்கள். அது சுற்றாமல் இறுகி நின்றால் பிரேட் (பின்னிய) நூல் ஒரே இடத்தில் உரசி, வெளியில் தெரியாமல் தேயும். பிறகு மீன் இழுக்கும்போது “நூல் சரியில்லை” என்று கடைக்காரரைத் திட்டுவோம்.

நூல் பிரேட்தான், 40 இறாத்தல் தாங்கும் வகை. வெறும் தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வேண்டாம். தங்கூசி இழுபடும். இருபது மீற்றர் தூரத்தில் நீங்கள் சுண்டும் சுண்டு கொக்கி வரை போய்ச் சேராது. தாமரைத் தண்டை அறுக்கவும் அதற்கு முடியாது. பிரேட் இறுகி நின்றால் மெல்லிய தண்டுகளை அறுத்துக்கொண்டு வரும்.

பிரேட்டை வெறும் ஸ்பூலில் (ரீலில் நூல் சுற்றும் பகுதியில்) நேரடியாகக் கட்டினால் முழுச் சுற்றும் வழுக்கிச் சுழலும். டிராக் பழுது என்று பலர் ரீலைக் கழற்றுவது இதனால்தான். முதலில் ஐந்தாறு மீற்றர் தங்கூசியைச் சுற்றி, அதன்மேல் பிரேட்டை முடியுங்கள். சுற்றும்போது ஈரத் துணியால் நூலைப் பிடித்து இறுக்கமாகச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றிய பிரேட், பெரிய மீன் இழுக்கும்போது கீழ்ச் சுற்றுக்குள் புதைந்துவிடும். அடுத்த எறியில் நூல் திடீரென நின்று, லூர் அறுந்து பறக்கும். ஸ்பூலின் விளிம்புக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே வரும்போது நிறுத்துங்கள். அதற்கு மேல் நிரப்பினால் கொத்துக் கொத்தாகச் சிக்கு விழும்.

ஏற்கனவே நூல் இருக்கும் ரீல் என்றால் முன்பக்க மூன்று மீற்றரை விரல் நகத்துக்கிடையில் ஓடவிட்டுப் பாருங்கள். பிசிறு தட்டினால் அந்த மூன்று மீற்றரையும் வெட்டி எறியுங்கள். ரொட்டின் வளையங்களுக்குள் பஞ்சுத் துண்டை விட்டுச் சுழற்றுங்கள். பஞ்சு நூல் சிக்கினால் அந்த வளையத்தில் வெடிப்பு இருக்கிறது. அதை மாற்றாமல் புது நூல் போட்டுப் பயனில்லை.

டிராக்கைக் குத்துமதிப்பாகத் திருகாமல் தராசு வைத்துப் பாருங்கள். கொழுவும் கைத்தராசு ஒன்றை நூல் நுனியில் கட்டி, இன்னொருவர் பிடிக்க, ரொட்டை வளைத்து இழுங்கள். நான்கு, நான்கரைக் கிலோவில் நூல் வழுக்கத் தொடங்க வேண்டும். 40 இறாத்தல் என்பது ஏறத்தாழ 18 கிலோ, அதில் கால்வாசி. திறந்த நீரில் மீன் பிடிப்பதற்கு இது அதிகம்தான். ஆனால் விரால் ஓட இடம் கொடுக்கும் மீனல்ல. டிராக் கத்தினால் கேட்க இனிமையாக இருக்கும், மீன் கொடிக்குள் போயிருக்கும்.

முடிச்சு

தவளை லூருக்கு லீடர் (நூலுக்கும் லூருக்கும் இடையில் கட்டும் துண்டு நூல்) வேண்டியதில்லை. செடிக்குள் விரால் நூலைப் பார்த்து ஒதுங்குவதில்லை, லீடர் முடிச்சு ஒன்று கூடினால் பாசி சேர இன்னொரு இடம். பிரேட்டை நேராக லூரில் கட்டுங்கள். பலோமர் முடிச்சு போதும், அதைச் சரியாகப் போட வேண்டும் என்பதுதான் விடயம்.

நூலை இருபத்தைந்து சென்ரிமீற்றர் மடியுங்கள். மடித்த நுனியை லூரின் வளையத்துக்குள் விட்டு, இரட்டை நூலாலேயே ஒரு சாதாரண முடிச்சுப் போடுங்கள், இறுக்க வேண்டாம். இப்போது மடிப்பு வளையத்துக்குள் முழு லூரையும் நுழைத்து எடுங்கள். தவளை பெரிது என்பதால்தான் அவ்வளவு நீளமாக மடிக்கச் சொன்னோம். எச்சில் அல்லது தண்ணீரால் நனைத்து, இரண்டு நூலையும் சேர்த்து மெதுவாக இறுக்குங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஏறியிருந்தால் வெட்டிவிட்டுத் திரும்பக் கட்டுங்கள். அப்படி ஏறிய முடிச்சு பாதிப் பலத்தில் அறும். நுனியை மூன்று மில்லிமீற்றர் விட்டு வெட்டுங்கள். கட்டி முடித்ததும் லூரைக் கதவுக் கொண்டியில் கொழுவி, கையில் துவாய் சுற்றி முழுப் பலத்தோடு இழுத்துப் பாருங்கள். வெறும் கையால் இழுத்தால் பிரேட் தோலை வெட்டும்.

திறந்த நீரில் மென்லூர் (மென்மையான ரப்பர் லூர்) எறிவதற்கு மட்டும் அரை மீற்றர் 40 இறாத்தல் தங்கூசி லீடர் கட்டலாம். விராலின் பல் ஊசி போலச் சிறியது, மெல்லிய தங்கூசியை உரசியே அறுக்கும்.

மூன்று வகை லூர் போதும்

முப்பது லூர் கொண்டுபோகிறவர் அதிகநேரம் பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கொண்டுபோக வேண்டியது இவைதான்: உள்ளே காற்றுள்ள ரப்பர் தவளை, ஐந்தாறு சென்ரிமீற்றர், 10 முதல் 14 கிராம், ஒரே அளவில் கறுப்பு ஒன்று, பச்சை அல்லது மண்ணிறம் ஒன்று. நான்கு அங்குல வாலாட்டும் மென்லூர், 4/0 அகலக் கொக்கியில், முனையை ரப்பருக்குள் மறைத்துக் கோத்தது. புல் இல்லாத இடத்துக்கு ஒரு ஸ்பின்னர் (சுழலும் தகடு உள்ள லூர்).

கடையில் வாங்கிய தவளையை அப்படியே எறியாதீர்கள். நான்கு வேலை இருக்கிறது.

கொக்கி முனையைக் கட்டைவிரல் நகத்தில் சாய்த்து வைத்து இழுங்கள். வழுக்கினால் கூர் இல்லை. சிறு அரத்தால் முனையை நோக்கி ஒரே திசையில் நான்கைந்து முறை உரசுங்கள். விராலின் மேல்தாடை எலும்பு. மழுங்கிய முனை அதில் ஏறாது.

இரட்டைக் கொக்கியின் இரு முனையும் தவளையின் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்கும். குறட்டால் ஒவ்வொன்றையும் மிகச் சிறிதளவு, ஒரு நூல் கனத்துக்கு, மேலே வளையுங்கள். கூடினால் புல்லில் மாட்டும். குறைந்தால் மீன் கவ்வினாலும் முனை வெளியே வராது. தவளையை ஒரு புடைவைத் துண்டின் மேல் இழுத்துப் பார்த்தால் சரியாகத் தெரியும்: சும்மா இழுத்தால் மாட்டக்கூடாது, விரலால் அமத்தி இழுத்தால் மாட்ட வேண்டும்.

ரப்பர் நூல் கால்கள் மிக நீளம். மீன் காலை மட்டும் கவ்விக்கொண்டு போய்விடும். ஐந்து சென்ரிமீற்றருக்கு வெட்டுங்கள், ஒரு காலை மற்றதைவிடக் கொஞ்சம் குட்டையாக. அப்போது சுண்டும்போது தவளை பக்கத்துக்குப் பக்கம் திரும்பும்.

கடைசியாக வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அமத்துங்கள். மூக்குப் பக்கம் குமிழி வந்தால் அங்கே பசை வைத்து மூடுங்கள். வயிற்றுப் பக்கத் துளையை மூடக்கூடாது, நீரைப் பிழிந்து வெளியேற்றும் வழி அது.

உயிர்த் தவளையோ குஞ்சு மீனோ கோத்துப் போடுவது ஊர்ப் பழக்கம், பலிக்கவும் செய்யும். ஆனால் மீன் இரையை வயிற்றுக்குள் விழுங்கிவிடும், சிறியதைத் திருப்பி விட்டாலும் அது பிழைக்காது. சிறுவர்கள் கூட வந்தால் அவர்களுக்குத் திலாப்பியா போதும்: 6 இறாத்தல் தங்கூசி, 8 அல்லது 10ஆம் இலக்கக் கொக்கி, ஒரு மிதப்பு, மண்புழு அல்லது பிசைந்த பாண். சுங்கானோ கெளிறோ (இரண்டும் மீசை மீன்கள்) வந்தால் அவர்கள் கையால் தொடக்கூடாது என்று முதலே சொல்லிவையுங்கள். செட்டை முள் குத்தினால் கடுக்கும். பொறுக்கக்கூடிய சுடுநீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும். சுங்கான் குத்தி வீக்கம் ஏறினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வெளிநாட்டு மாமா கொண்டுவந்த பிளை ரொட்

சுவிஸிலிருந்தோ கனடாவிலிருந்தோ விடுமுறைக்கு வருகிறவர்கள் சிலர் ட்ரவுட் பிடிக்கும் பிளை ரொட்டை, அதாவது பூச்சி போலக் கட்டிய மெல்லிய இரையை எறியும் ரொட்டை, கொண்டுவருகிறார்கள். ட்ரவுட் குளிர்நீர் மீன். வெள்ளைக்காரர் கொண்டுவந்து விட்ட அது இலங்கையில் நுவரெலியாப் பக்கத்து மலை நீரில்தான் தங்கியது. நம் குளத்துச் சூட்டில் உயிரோடு இராது. ஆனால் ரொட் வீணில்லை.

ட்ரவுட்டுக்கான 5 எடை (மெல்லிய வகை) ரொட்டால் விராலைக் கொடியிலிருந்து இழுக்க முடியாது, முயன்றால் முறியும். அதில் திலாப்பியா பிடிக்கலாம், அருமையான விளையாட்டு அது. 12 அல்லது 14ஆம் இலக்கக் கொக்கியில் பச்சைக் கம்பளி நூலைச் சுற்றிப் பாசித் துணுக்குப் போலக் கட்டி, மிக மெதுவாக இழுக்க வேண்டும். திலாப்பியா துரத்தாது, உறிஞ்சிப் பார்க்கும். லீடர் கொஞ்சம் நிற்பதுபோல் தெரிந்தாலே தூக்குங்கள்.

விராலுக்கு 8 எடை ரொட், மிதக்கும் லைன், இரண்டு மீற்றர் 25 இறாத்தல் தங்கூசி லீடர். பிளையை 2/0 கொக்கியில், பழைய ரப்பர் செருப்பை வெட்டிச் செய்த தலையோடு கட்டலாம். நன்றாக மிதக்கும், “ப்ளப்” என்ற சத்தமும் வரும். கொக்கிக்கு முன்னால் 40 இறாத்தல் தங்கூசித் துண்டை வளைத்துக் கட்டினால் புல் மாட்டாது. மீன் கடித்ததும் ட்ரவுட்டுக்குத் தூக்குவதுபோல் ரொட்டைத் தூக்கவேண்டாம். ரொட் நீரை நோக்கியபடி இருக்க, கையால் லைனைப் பின்னே இழுத்துக் கொக்கியை ஏற்றுங்கள்.

முதல்நாள் இரவு

பைக்குள்: நீண்ட மூக்குக் குறடு, சிறு கத்தரிக்கோல், ஒரு பழைய துவாய், கைத்தராசு, அத்தாங்கு (கைவலை), ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், நீண்ட கைச் சேர்ட், தொப்பி, போலரைஸ்ட் கண்ணாடி. கண்ணாடி நாகரிகத்துக்கல்ல: நீருக்குள் தண்டு எங்கே முடிகிறது என்பது அதில்லாமல் தெரியாது, காற்றுக்கு லூர் திரும்பி வந்தால் கண்ணைக் காக்கவும் வேண்டும். ரெஜிபோம் (வெப்பம் புகாத நுரை) பெட்டியில் ஐந்து கிலோ ஐஸ்.

செருப்போடு போகாதீர்கள், கணுக்கால் மூடிய சப்பாத்து வேண்டும். காலில் புண் இருந்தால் வயல் நீரிலும் குளச் சேற்றிலும் இறங்காதீர்கள், இந்தப் பக்கத்தில் எலிக்காய்ச்சல் உண்மையான ஆபத்து.

அதைவிடப் பெரிய இரண்டு விடயம் முதலையும் யானையும். முதலை இல்லாத குளம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. நீர்விளிம்பிலிருந்து இரண்டு மீற்றர் பின்னால் நில்லுங்கள். மாட்டிய லூரை எடுக்க நீரில் இறங்காதீர்கள், அறுத்துவிடுங்கள். மீனை விளிம்பில் வைத்துக் கழுவவோ குடலை வீசவோ கூடாது. யானை மாலையில் நீருக்கு வரும். உன்னிச்சை, உறுகாமம், நவகிரிப் பக்கம் பின்னேரம் ஐந்து மணிக்கு முன் வாகனம் திரும்பியிருக்க வேண்டும், விடியுமுன்பும் காட்டுப்பாதையில் ஓடக்கூடாது. எந்தக் குளம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

கரையில்

வெளிச்சம் வந்து ஆறரைக்குக் கரையில் நின்றால் போதும். முதல் கால் மணித்தியாலம் எறியாதீர்கள், நின்று பாருங்கள். விரால் காற்றை விழுங்கியே வாழும் மீன், நீருக்குள் அடைத்து வைத்தால் மூச்சுத் திணறிச் சாகும். ஆகவே சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தே ஆக வேண்டும். மெல்லிய எழுச்சி, ஒரு “ப்ளக்”, பிறகு இரண்டொரு குமிழி. திலாப்பியா இலையடியில் பாசி கொறிக்கும் சத்தம் “சப் சப்” என்று தொடர்ந்து வரும், அதில் ஏமாறாதீர்கள். ஒரே இடத்தில் இரண்டு முறை “ப்ளக்” வந்தால் அது இருப்பிடம்.

அந்த இடத்துக்கு நேரே எறியக்கூடாது. இரண்டு மீற்றர் தாண்டி, முடிந்தால் ஓர் இலையின் மேல் விழ எறியுங்கள். நீர்வளையம் அடங்கும் வரை அசைக்காதீர்கள். பிறகு இலையிலிருந்து மெல்ல நழுவவிட்டு, இரண்டு சுண்டு, மூன்று விநாடி நிறுத்தம். இலைகளுக்கிடையே வெளி வந்தால் இன்னும் நீளமாக நிறுத்துங்கள். மீனின் அடி (தாக்குதல்) விழுவது பெரும்பாலும் லூர் நிற்கும்போதுதான். பத்து எறிக்கு ஒருமுறை தவளையைப் பிழிந்து நீரை வெளியேற்றுங்கள், முதல் மூன்று மீற்றர் நூலையும் தடவிப் பாருங்கள்.

ஒன்பதரை மணிக்குப் பிறகு வெயில் ஏறினால் மீன் தாமரைக்குள்ளும் ஆற்றுவாழை (மிதக்கும் நீர்ச்செடி) அடியிலும் ஒதுங்கும். அப்போது மென்லூரை ஓரத்தில் மெதுவாக இறக்கிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் சாப்பிட்டுவிட்டு நிழலில் படுங்கள். பின்னேரம் மூன்றரைக்கு மேல் திரும்ப வரும்.

அடி விழுந்ததும்

நீர் வெடிக்கும், கை தானாகத் தூக்கும். அதை அடக்கத்தான் வேண்டும். விரால் தவளையைக் கவ்வி, வாய்க்குள் திருப்பிக்கொள்ள ஒரு கணம் எடுக்கும். உடனே சுண்டினால் திறந்த வாயிலிருந்து லூர் பறந்து வரும். ரொட் நுனியை நீருக்குத் தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றி, மீனின் பாரம் கையில் தெரிந்த பிறகு முழுத் தோளாலும் மேலே இழுங்கள். அதற்குப் பிறகு நிறுத்தாமல் சுற்றுங்கள். மீனின் தலை நீர்மட்டத்துக்கு மேலே இருக்கும் வரை அது கொடிக்குள் போக முடியாது, இலைகளின் மேலேயே வழுக்கி வரும்.

அடித்தும் மாட்டாவிட்டால் அதே இடத்தில் அரை நிமிடத்துக்குள் சிறிய மென்லூரை விடுங்கள். மூன்று தடவை அடித்தும் தொடர்ந்து தவறினால் பிழை மீனில் இல்லை: கொக்கி முனையைப் பாருங்கள், தவளைக்குள் நீர் இருக்கிறதா பாருங்கள். மீன் ஏற்கனவே கொடிக்குள் போய்விட்டால் ரொட்டால் இழுத்து முறிக்காதீர்கள். ரொட்டை நீரை நோக்கி நீட்டி, நூலை இறுக்கமாக வைத்து, கையில் துவாய் சுற்றி நேராக இழுங்கள். சில நேரம் கொடியோடு சேர்ந்தே வரும்.

நீர்மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் கொதிப்பதுபோல் தெரிந்தால், கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும். அதன் மேல் எதை எறிந்தாலும் அடிக்கும், பசியால் அல்ல, விரட்டத்தான். விரால் பிடிப்பதில் இதைவிட இலகுவான வழி கிடையாது, அதனாலேயே அதை விட்டுவிடச் சொல்கிறோம். காவல் போனால் சில மணி நேரத்தில் அந்தக் கூட்டத்தைப் பனையேறியும் கெளிறும் முடித்துவிடும்.

பிடித்த பின்

விரால் வழுக்கும், துள்ளும், கொக்கி உங்கள் கையில் ஏறும். ஈரத் துவாயால் தலைக்குப் பின்னே அமத்திப் பிடித்து, குறட்டால் கொக்கியைக் கழற்றுங்கள். ஓர் அடிக்குக் குறைந்தவற்றை விட்டுவிடுங்கள், ஆளுக்கு ஒன்றிரண்டு போதும். வைத்திருக்கப் போகும் மீனை உயிரோடு பையில் போட்டு மணிக்கணக்காகத் துடிக்க விட்டால் சதை சுவை கெடும். தலையில் அடித்து, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு, மீனின் எடைக்குச் சமமான ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அதற்குள் புதையுங்கள். வீட்டில் உப்பும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் வழுவழுப்புப் போகும், பிறகு செதில் எடுப்பது சுலபம்.

அன்றிரவே ரீலைத் துடைத்து டிராக்கைத் தளர்த்துங்கள். இறுக்கியபடி விட்டால் உள்ளிருக்கும் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும். தவளைகளைப் பிழிந்து, கொக்கி மேலே பார்க்க நிழலில் காயவையுங்கள். மென்லூரையும் தவளையையும் ஒரே பெட்டியில் சேர்த்து வைக்காதீர்கள், இந்த வெயிலில் இரண்டும் உருகி ஒட்டிவிடும்.